வேகம் அடங்கிய பிறகு

துளசிராமனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது சம்பா நடவு சமயத்தில். நாற்றுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெயில் என்று நினைத்தார். அடுத்த வாரம் வெறுங்கையோடு நடந்தபோதும் அதே கதிதான். கால்கள் வீங்கி, செருப்பு வார் சதையில் பதிந்தது. படுத்தால் இருமல் வந்தது.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. திருப்பாச்சூருக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் நெல் நிலம். ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் மனைவி சந்திரகலாவும்தான். எப்போது உழுவது, என்ன விதை விடுவது என்று அவர் ஒரு நாளும் மனைவியிடம் கேட்டதில்லை. அவளும் அதில் தலையிட்டதில்லை.

திருவள்ளூரில் ஒரு இருதய டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இருதயம் பெருத்துவிட்டது, தள்ள வேண்டிய ரத்தத்தில் பாதியைக்கூடத் தள்ளவில்லை என்றார். பலம் இல்லாததால்தான் இப்படிப் படபடவென்று அடித்துக்கொள்கிறதாம். மாத்திரை எழுதிக்கொடுத்தார். பாரம் தூக்கக் கூடாது, உப்பைக் குறைக்க வேண்டும். முழுக்கச் சரியாகிவிடும் என்று சொல்வதற்கில்லை என்றும் முடித்தார்.

விஷயம் தெரிந்து சந்திரகலாவின் அண்ணன் ஆதிகேசவன் வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்புக் கம்பெனியில் கிரேன் ஓட்டுபவர்.

"கழனிய வாடகைக்கு உட்டுடலாம் மச்சான். எனக்குத் தெரிஞ்சவங்க லாரி நிறுத்த எடம் தேடிக்கினு கீறாங்க. நீ நிம்மதியா படுத்துக்கலாம்."

சந்திரகலாதான் பேசினாள்.

"லாரி நின்ன எடத்துல அப்பறம் நெல்லு வருமாண்ணா? நானே பாத்துக்கறேன்."

"உனுக்கு இன்னா தெரியும்?" என்றார் துளசிராமன் கட்டிலில் இருந்தபடி.

"தெரியாதுதான். கத்துக்கறேன்."

கற்றுக்கொண்டாள். முதல் நாள் பவர் டில்லரை வரப்பின் மேலேயே ஏற்றிவிட்டாள். கழனியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் முறை யாரும் சிரிக்கவில்லை. உர மூட்டைக்கு சொசைட்டியில் நின்றாள். மோட்டார் ரிப்பேரானபோது மெக்கானிக்கை அவர் வீட்டுக்கே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். அறுவடை முடிந்ததும் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துளசிராமன் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் யோசனை சொன்னார். அடுத்து நவரைப் பட்டம் வந்தபோது அவள் அவர் எப்போதும் போடும் ரகத்தை விட்டு வேறு விதை வாங்கிவந்தாள். அதன் பிறகு யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கோடையில் பரிசோதனைக்குப் போனபோது பழைய டாக்டர் வெளியூர் போயிருந்தார். அவருக்குப் பதிலாக ஸ்ரேயா என்ற டாக்டர் இருந்தார். திருவள்ளூர்க்காரர்தான், பெருமாள் கோயில் பக்கம் வீடு. இருதயத் துடிப்பின் லயத்தைப் பற்றித் தனியாகப் படித்துவிட்டு அண்மையில்தான் ஊர் திரும்பியிருந்தார். துளசிராமனின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். பிறகு வராந்தாவில் இரண்டு முறை நடந்துவிட்டு வரச் சொன்னார். மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தவரின் மணிக்கட்டை மறுபடியும் பிடித்தார்.

"உக்காந்திருந்தப்ப நூத்தி முப்பது. நடந்துட்டு வந்தும் அதே நூத்தி முப்பது. யாருக்கும் இப்படி இருக்காது. நடந்தா ஏறணும், உக்காந்தா இறங்கணும்."

இசிஜியை எடுத்து வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"இருதயத்தோட மேல் அறையில மின்சாரம் ஒரே வட்டத்துல சுத்திக்கிட்டே இருக்கு. அதுதான் கீழ் அறையையும் ஓட விரட்டுது. இருதயம் பலவீனமானதால வேகமா அடிக்குதுன்னு நெனச்சோம். எனக்கு என்னவோ அது தலைகீழாத் தோணுது. வேகமா அடிச்சு அடிச்சுத்தான் பலவீனமாயிருக்கு."

சந்திரகலா முன்னால் நகர்ந்தாள். "வேகமா அடிச்சா நல்லதுதான மேடம்? வேல செய்யும்போது எல்லாருக்கும் வேகமாத்தான அடிக்குது."

"நல்ல இருதயம்னா அப்படித்தான். கொஞ்ச நேரம் வேகமா ஓடும்போது ஒவ்வொரு அடியும் கூடுதல் பலத்தோட விழும். அப்பறம் ஓய்வெடுத்துக்கும். இவருக்கு மாசக்கணக்கா ஓய்வே இல்ல. ரத்தம் வந்து நிரம்பறதுக்கு முன்னாடியே அடுத்த அடி. சதை களைச்சுப்போச்சு. இப்ப வேகம் கூடினா பலம் கொறையுது."

"மெதுவாக்கினா?" என்று கேட்டார் துளசிராமன்.

"திரும்ப வரலாம். உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா செஞ்சு பாக்கணும்."

ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையைச் சேர்த்து, சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். ஆதிகேசவன் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். தொடை வழியாக மெல்லிய கம்பியை இருதயத்துக்குள் செலுத்தி, மின்சாரம் சுற்றும் பாதையைச் சுட்டு அடைப்பதுதான் சிகிச்சை. துளசிராமனுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. மேலே விளக்கு தெரிந்தது, யாரோ எண்கள் சொல்வது கேட்டது. நெஞ்சுக்குள் லேசாக எரிந்தது. திடீரென்று எல்லாம் நின்றது. செத்துப்போனோம் என்று நினைத்தார். பயம்கூட வரவில்லை. அப்புறம் ஒரே ஒரு அடி, உள்ளே யாரோ கதவைத் தள்ளியதுபோலப் பலமாக விழுந்தது. அதற்குப் பின் ஒன்று, பிறகு இன்னொன்று, அவசரம் இல்லாமல்.

"லயம் திரும்பிடுச்சு" என்றது ஒரு குரல்.

ஊர் திரும்பி இரண்டு வாரத்தில் கால் வீக்கம் வடிந்தது. இருமல் போனது. மூன்று மாதம் கழித்து ஸ்ரேயா ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். முன்பு சும்மா நடுங்கிக்கொண்டிருந்த இருதயச் சுவர் இப்போது நன்றாகச் சுருங்கி விரிந்தது. பெருத்திருந்ததும் குறைந்திருந்தது. மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது என்றும், வேலை செய்யலாம் என்றும் சொன்னார்.

மறுநாளே அவர் கழனிக்குப் போனார். நடவு நாள். பவர் டில்லர் மேல் சந்திரகலா உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு. நான் ஓட்டறேன்."

"இந்தக் கழனி முடியட்டும் மாமா. நீ போய் நெழல்ல குந்து."

நடவு ஆட்களைக் கூட்டிவரும் குப்பம்மாள் வரப்பில் நின்று, "எதுல மொதல்ல எறங்கறது?" என்று கேட்டாள். இத்தனை வருடமாக அவரிடம் கேட்டவள், இப்போது அவரைத் தாண்டிச் சந்திரகலாவைப் பார்த்துக் கேட்டாள். சந்திரகலா கை நீட்டிக் காட்டினாள். பெண்கள் இறங்கிவிட்டார்கள்.

துளசிராமன் வீட்டுக்குத் திரும்பினார். மதியம் அவள் வந்து கை கால் கழுவும்வரை பொறுத்திருந்தார்.

"நான் செத்துட்டேன்னு நெனச்சிக்கினியா நீ?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ஆமா, நெனச்சேன். டாக்டரு சொன்ன அன்னிக்கே நெனச்சிட்டேன். இல்லன்னா அந்த மிசின நான் தொட்டிருப்பனா? நீ போய்ட்டா நான் இன்னா பண்றது, எங்கண்ணன் ஊட்டு வாசல்ல போய் நிக்கறதா?"

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"இப்ப நீ எழுந்து வந்துட்ட. எனக்கு அதுக்கு மேல இன்னா வேணும். ஆனா கத்துக்கினத எங்க கொண்டுபோய்ப் போடுவேன்?" என்றாள். சாப்பாட்டை எடுத்துவைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவளே சொன்னாள். "ஏரிக்கரை பக்கம் கீற ஒரு ஏக்கர நீ பாரு. ஒன் பழைய வெதயே போடு. மீதிய நான் பாக்கறேன்."

தன் நிலத்தில் தனக்கு ஒரு பங்கு ஒதுக்கப்படுவது அவருக்கு உறுத்தியது. ஆனாலும் மறுநாள் காலையில் மண்வெட்டியோடு ஏரிக்கரைக் கழனிக்குத்தான் போனார். வரப்பு வெட்டினார். களைத்தபோது உட்கார்ந்தார். நெஞ்சு வேகமாக அடித்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே அடங்கியது. மறுபடி எழுந்து வெட்டினார்.

அறுவடைக்கு முன் கதிர் அறுக்கும் மிஷின்காரர் அவருக்கு போன் செய்து, எந்தத் தேதிக்கு வரட்டும் என்று கேட்டார்.

"லைன்லயே இருப்பா. ஊட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே சந்திரகலா நின்றிருந்த கழனியை நோக்கி வரப்பில் நடந்தார்.