நீலாவதி பத்திரப்படுத்திய விதை

நிச்சயத் தட்டு மாற்ற வேண்டிய நேரத்தில் மலேசியாவின் மம்பாவ் ஊரில் பெண் வீட்டுக் கூடம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. பெண்ணின் தகப்பன் ஷங்கர் மாப்பிள்ளை வீட்டாரை நேராகவே கேட்டுவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க ஊரு ரந்தாவ் பக்கம் ஒரு பேச்சு அடிபடுது. மாப்பிள்ளைக்குச் சின்ன வயசிலயே காயடிச்சுட்டாங்கன்னு."

மாப்பிள்ளை புனிதன் தலைகுனிந்தான். அவன் தாய் நீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பேச்சைக் கிளப்பிவிட்ட மகராசன் வேறு யாருமில்லை, பக்கத்தில் பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஆறுமுகம்தான். ரப்பர் தோட்டத்தில் தீபாவளிக்கு வளர்க்கும் கிடாய்களுக்குக் காயடித்தே பழகிய மனுஷர். மகனுக்கு எட்டு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தபோது டாக்டர் சொன்னதையும் அந்தக் கணக்கிலேயே எடுத்துக்கொண்டு, லயத்து வீடுகள் முழுக்கப் புலம்பித் தீர்த்தார்.

நீலாவதியின் அண்ணன் அவள் காதைக் கடித்தார். "ஏதோ காய்ச்சல்னு சொல்லி முடிச்சிடு லா. கல்யாணம் நின்னு போயிடும்."

பிள்ளை பிழைத்து எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

"காயடிக்கலண்ணே," என்றாள் ஷங்கரிடம். "ரத்தத்துல கேன்சர். மருந்து ஏத்துனா உசுரு தங்கும், பின்னால புள்ள பொறக்கறது சந்தேகம்னாங்க. அதனால முன்னாடியே விதையிலேர்ந்து துளியூண்டு சதைய எடுத்து உறைய வச்சாங்க. போன வருசம் அதையே திரும்ப அவன் உடம்புல வச்சுத் தச்சிருக்காங்க. அன்னைக்கு எல்லாரும் வேணாம்னாங்க. ஒத்த ஆளா நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"அப்ப புள்ள பொறக்குமா?"

"தெரியலண்ணே. டாக்டருங்களே இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. பொறக்கும்னு சொல்லி உங்க மகளைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

பெருமையை அவளால் மறைக்க முடியவில்லை. பிள்ளை பிழைப்பானா என்று வீடே அழுத நாளில், இவன் ஒருநாள் அப்பனாவான் என்று யோசித்தவள் அவள் ஒருத்திதான். நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

அறைக்குள்ளிருந்து மணப்பெண் லோகேஸ்வரி வெளியே வந்தாள்.

"அவரு என்கிட்ட எப்பவோ சொல்லிட்டாருப்பா. அத்தை வாயால சொல்றாங்களான்னு பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள். "நான் யாருன்னே தெரியாத காலத்துலயே எனக்காக எல்லாரோடயும் மல்லுக்கு நின்னவங்க இவங்க. புள்ள பொறந்தாலும் பொறக்காட்டியும் எனக்கு இந்த மாமியாதான் வேணும்."

ஷங்கர் நிச்சயத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். வழக்கப்படி வாங்கிக்கொள்ளக் கை நீட்டிய ஆறுமுகத்தைத் தாண்டி, நீலாவதியின் முன்னால் போய் நின்றார்.

"நீங்க வாங்குங்க தங்கச்சி," என்றார்.