எல்லா மாடியிலும் நின்ற லிஃப்ட்

1

இந்தக் கதை என் கோபத்தில் பிறந்தது. நான் எழுதுவதெல்லாம் கைப்பேசியில்தான். ஒரு நாள் காலையில் பார்த்தால், எழுதும் ஆப் தானாகவே புது வேஷம் போட்டிருக்கிறது. எழுதியதை ரத்து செய்யும் அம்புக்குறியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் கண்ணடிக்கிறது. எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் நின்றபடி, அந்த ஆப்பைச் செய்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பக்கத்தில் நின்ற பெர்னதெத் டீச்சர் சிரித்தார்.

"உங்களுக்கு அம்புக்குறிதான் போச்சு, செம்மல் சார். எனக்கு வீட்டுக்குப் போற வழியே போச்சு."

(அம்புக்குறி இன்னும் அகப்படவில்லை. எழுத்தெழுத்தாக அழிக்க எனக்குப் பொறுமையும் இல்லை. ஆகவே தப்பாக எழுதியதெல்லாம் அப்படியே கிடக்கும்.)

2

பார்வையற்ற பெர்னதெத், லிஃப்ட் முன் தயங்கி நின்றாள். வெளியே மழை சோவென்று

இப்படித்தான் முதலில் தொடங்கினேன். டீச்சருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. நான்காவது மாடியில் தனியாக இருக்கிறார். பிரான்ஸ் போகிறவர்களுக்கு பிரெஞ்சு பேசக் கற்றுத்தருகிறார். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"நான் எப்ப சார் தயங்குனேன்? மழை எங்கேருந்து வந்துச்சு? ஊரே காய்ஞ்சி கெடக்குது."

சரி, உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் லிஃப்டில் முன்பு பட்டன்கள் இருந்தன. டீச்சர் விரலால் தடவி, நான்காவதை அழுத்திப் போய்விடுவார். சங்கத் தலைவர் ஜானகிராமன் அவற்றைப் பிடுங்கிவிட்டு, வழவழவென்று ஒரு தொடுதிரையை மாட்டினார். அதில் விரல் பட்டாலே போதும், அந்த மாடி பதிவாகிவிடும். ரத்து செய்யவும் முடியாது. டீச்சர் தன் மாடியைத் தேடித் தடவினால் எல்லா மாடிக்கும் விளக்கு எரியும். நான்காம் எண் மேல் மேடான புள்ளி ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தார்கள். புள்ளியைத் தேடிப் போகிற வழியிலும் கண்ணாடிதானே இருக்கிறது!

"சிலம்பரசனைக் கூப்பிடுங்க டீச்சர், அமுத்தி விடுவான்" என்றார் ஜானகிராமன்.*

"அவரு டீ குடிக்கப் போயிருந்தா, நான் என் வீட்டுக்குப் போவ கீழயே காத்துக்கெடக்கணுமா?"

"புதுசு வந்தா மொதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

டீச்சர் யாரையும் கூப்பிடவில்லை. தினமும் லிஃப்டில் ஏறித் தடவினார். அது எல்லா மாடியிலும் நின்றது. கதவு திறக்கும்போதெல்லாம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "பொன்ழூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார்.

*சிலம்பரசன் எங்கள் வாட்ச்மேன். நல்ல மனிதர். டீக்கடையில் இல்லாத நேரத்தில் கேட்டில் இருப்பார்.

3

முடிவு, முதல் வகை: வேறு வழியின்றிப் படியேறிய பெர்னதெத், இரண்டாம் மாடித் திருப்பத்தில் கால் இடறி

"என்னை ஏன் சார் விழ வைக்கிறீங்க? கண்ணு தெரியலன்னா உங்க கதையில உடனே விழுந்துடணுமா?"

வெட்கமாகப் போயிற்று.

முடிவு, இரண்டாம் வகை: டீச்சரின் உருக்கமான பேச்சைக் கேட்டு ஜானகிராமனின் கண்கள் கலங்கின. அவர்

"அவரு கண்ணா? கலங்கவே கலங்காது."

4

ஆகவே, நடந்ததையே எழுதுகிறேன். அன்று நானும் லிஃப்டில் இருந்தேன்.

டீச்சர் கண்ணாடியைத் தடவி முடித்திருந்தார். எல்லா மாடியும் எரிந்துகொண்டிருந்தது. கதவு மூடப்போகும் நேரத்தில் ஜானகிராமன் பாய்ந்து உள்ளே வந்தார். கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். ஏறுமுன் இரண்டு கிளாஸ் கரும்புச் சாறு. தவளக்குப்பத்தில் பஸ் நெரிசலில் மாட்டி, நகரவேயில்லை. அவர் வீடு ஐந்தாவது மாடி. மூட்டுவலிக்காரர், படியேற முடியாது.

முதல் மாடி. கதவு திறந்தது. "பொன்ழூர்" என்றார் டீச்சர், காலி வராந்தாவைப் பார்த்து. ஜானகிராமன் கால் மாற்றிக் கால் நின்றார்.

இரண்டாம் மாடி.

"அய்யோ டீச்சர், எதுக்கு எல்லாத்தையும் அமுத்தினீங்க?"

"நான் அமுத்தல சார், தேடுனேன். நீங்க வாங்குன கண்ணாடிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"அவசரம் டீச்சர்! உயிர் போவுது!"

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிடும்."

மூன்றாவது என் மாடி. நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இதை விட்டுவிட்டு எவன் இறங்குவான்? நான்காவதில் டீச்சர் "மெர்சி" என்று நன்றி சொல்லி, நிதானமாக இறங்கிப் போனார். ஐந்தாவதில் கதவு திறக்கும்வரை நடந்ததை எழுதுவது மரியாதையாக இருக்காது.

அன்று சாயங்காலமே சங்கக் கூட்டம். வேட்டி மாற்றிக்கொண்டு வந்த ஜானகிராமன் ஒரே வரிதான் பேசினார்: "பட்டனே மாட்டிடுங்கய்யா."

5

மாட்டினார்கள். டீச்சர் விரலால் தடவினார். ஒரு விளக்கும் எரியவில்லை. நான்காவதை அழுத்தினார். டக். லிஃப்ட் எங்கும் நிற்காமல் நேராக நான்குக்குப் போனது. உள்ளே இருந்த எல்லோரும் கைதட்டினோம். சத்தமாகத் தட்டியவர் ஜானகிராமன்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஜானகிராமனின் செருப்புச் சத்தம் கேட்டில் கேட்கும்போதே, வருவது அவர்தான் என்று டீச்சர் சொல்லிவிடுவார். அன்றைக்கு அந்த விரல் தேடத்தான் தேடியதா? இல்லை, சத்தம் கேட்டு

நேற்று லிஃப்டில் நேராகவே கேட்டேன். "அன்னிக்கு வேணும்னுதானே டீச்சர்?"

அவர் கை நீண்டது. தடவிக்கூடப் பார்க்காமல் மூன்றாவது பட்டனை அழுத்தியது. லிஃப்ட் ஏறி நின்றது.

"உங்க மாடி வந்துடுச்சி சார். எறங்குங்க."

இறங்கினேன். கதவு மூடிக்கொண்டது. இனி நீங்களாயிற்று, டீச்சராயிற்று. அவர் மேலே போய்விட்டார்.