பதினேழாம் கேள்வியின் திகதி

கொச்சிக்கடை அந்தோனியார் மீதும் பம்பலப்பிட்டிக் கதிரேசன் மீதும் சத்தியமாகச் சொல்கிறேன்: கீழே உள்ளதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. இரண்டு பேரையும் சாட்சிக்கு இழுப்பது, ஒருவர் அலுவலாக இருந்தாலும் மற்றவராவது கேட்கட்டும் என்பதற்காகத்தான்.

1998ஆம் ஆண்டு. வளரும் பெண்பிள்ளைகளின் உடல்நலம் பற்றி வெளிநாட்டார் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் முந்நூறு பிள்ளைகளிடம் கேள்வி கேட்க வேண்டும். கேட்பவர்கள் எல்லோரும் பெண்கள். அறுபது வயதுக் கிழவனான எனக்கு இரண்டு பொறுப்பு: ஆங்கிலப் படிவத்தைத் தமிழாக்குவது, பத்து வீட்டுக்கு ஒரு வீடு நேரில் போய், எழுதியது சரிதானா என்று பார்த்துக் கையெழுத்து வைப்பது.

பதினேழாம் கேள்வி, கடைசியாக மாதவிடாய் வந்த திகதி. அப்படி நேரே கேட்டால் பிள்ளைகள் யன்னலைப் பார்ப்பார்கள் என்று எங்கள் யாழ்ப்பாணத்துச் சொல்லைப் போட்டேன்: “கடைசித் துடக்கு எந்தத் திகதி?” மரியாதையான சொல். ஒரேயொரு குறை. எங்கள் வீடுகளில் பெண் விலகியிருந்தாலும் துடக்கு, பிள்ளை பிறந்தாலும் துடக்கு, ஆள் செத்தாலும் துடக்கு. முதற்கிழமையே நாலு பிள்ளைகள் பெரியப்பா செத்த திகதியைச் சொல்லிவிட்டார்கள். படிவம் அச்சடித்தாயிற்று. நான் வாய் திறக்கவில்லை.

ஓகஸ்ட் பதின்மூன்றாம் திகதி கொன்ஸ்ரன்ஸ் ஒரு படிவம் கொண்டுவந்தாள். கேள்வி கேட்கப் போகிறவர்களில் ஒருத்தி; கொட்டாஞ்சேனைப் பிள்ளை, எழுத்தில் பிழை விடாதவள். படிவத்தில் இருந்த பெயர், வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் இருக்கும் அருந்ததி, வயது பதின்மூன்று. பதினேழாம் கேள்விக்கு நேரே ஓகஸ்ட் 29 என்று இருந்தது.

“பிள்ளை, இருபத்தொன்பது வர இன்னும் பதினாறு நாள் கிடக்கு.”

“நானும் சொன்னேன் அங்கிள். ‘அதுதான் திகதி, எழுதுங்கோ’ண்டு சொல்லிச்சு.”

“உமக்குப் பகிடி விட்டிருக்கிறாள்.”

“சிரிக்கவே இல்ல அங்கிள். படிக்கட்டு வளைவில தனியா உட்கார்ந்திருந்துச்சு. பேர் கேட்டா, ‘இன்னும் வைக்கேல்லை’ண்டு சொல்லுது. தங்கியிருக்கிறவங்க பேரைப் பொலிஸுக்குக் காட்டக் கதவில ஒட்டியிருந்த லிஸ்ட்ல அந்த வயசுக்கு ஒரு பேர்தான் இருந்திச்சு. அதை எழுதிட்டேன்.”

பதினெட்டாம் கேள்வி, உடம்புக்கு ஏதுமென்றால் யாரிடம் சொல்வீர்கள் என்பது. அந்தப் பிள்ளையின் பதிலை கொன்ஸ்ரன்ஸ் அப்படியே எழுதியிருந்தாள்: “அக்காவிட்டைச் சொல்லுவன். ஆனா அக்கா ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டா. அவவுக்கு இருபது நாளா நிக்கேல்லை.”

மூன்று தரம் வாசித்தேன். எங்கேயோ ஒரு பிள்ளைக்கு இருபது நாளாக இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் இருபத்தொன்பதாம் திகதி ஒரு துடக்கு. எந்தத் துடக்கு? என் அருமையான சொல் மூன்றுக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது.

மறுநாள் காலையே இருவரும் போனோம். லொட்ஜின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள், பதினொரு பேர், ஒரு குளியலறை. எல்லோரும் விசாவுக்குக் காத்திருப்பவர்கள். படிக்கட்டு வளைவில் ஒருவரும் இல்லை.

“உங்கை வளைவில இருக்கிற பிள்ளை எங்கை?” என்று மனேஜர் நாகேந்திரத்திடம் கேட்டேன்.

“எந்தப் பிள்ளை? லிஸ்டில பதினொரு பேர். பன்னிரண்டாவது தலை தெரிஞ்சா பொலிஸ் என்னையெல்லோ ஏத்திக்கொண்டு போவான்! உங்கடை ஆராய்ச்சிக்கு வேறை இடம் பாருங்கோ.”

அருந்ததியின் சித்தி ஜெகதீஸ்வரி கதவைத் திறந்தா. எட்டு மாத வயிறு. அலுமாரிக்குப் பின்னால் பாயில் ஒரு பிள்ளை சுருண்டு கிடந்தது. உதடு சோக்குக்கட்டி நிறம்.

“இது அந்தப் பிள்ளை இல்ல அங்கிள்,” என்று கொன்ஸ்ரன்ஸ் என் காதுக்குள் சொன்னாள்.

“அருந்ததி, நேற்று இந்த அக்காவோட கதைச்சனீரோ?”

“இல்லை. நான் படியிறங்கி ஒரு கிழமை.”

என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு கொன்ஸ்ரன்ஸ் பாயருகில் உட்கார்ந்தாள். கதவு மெல்லிய பலகை.

“தங்கச்சி, இருபது நாளா நிக்கலையா?”

மிக மெல்ல, “இருபத்தொண்டு. ஆர் சொன்னது? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே.”

“ஏம்மா சொல்லல?”

“துணி கழுவினாக் காயப்போட இடமில்லை. பத்துப் பேர் கதவுக்கு வெளியில நிப்பினம். சித்திக்கு வேறை ஏலாது. அம்மா ஊரில.”

பெரிய பிள்ளையாகி நாலு மாதம்தானாம். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அவளுடைய முகத்தை ஒரு தரம் பார்த்தான்; அடையாள அட்டை கேட்காமலே கையசைத்து விட்டான். இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றினார்கள். “இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் இங்கே கொண்டுவந்திருக்கத் தேவையில்லை,” என்றார் டாக்டர்.

ஆறாம் நாள் அருந்ததி லொட்ஜுக்குத் திரும்பினாள். திகதி மட்டும் போகவில்லை. படிவத்தில் அந்த எண்ணை அழித்துப் பார்த்தேன். அழிந்தது. மறுநாள் பார்த்தால் இருந்தது. மலிவான அழிறப்பர் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்தொன்பது, சனிக்கிழமை. காலையிலிருந்து நானும் கொன்ஸ்ரன்ஸும் லொட்ஜ் வாசலில் இருந்தோம். மணிக்கொரு தரம் அவள் மேலே போய் அருந்ததியின் நாடியைப் பிடித்துவிட்டு வந்தாள். மத்தியானம் சித்திக்கு வயிற்றுக்குத்து எழும்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதை நாங்கள் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் கண் முழுக்க அருந்ததியில். மூன்றரைக்கு அவள் படியிறங்கி வந்தாள். தானாக, கையில் பிஸ்கட்டோடு.

“அங்கிள், எங்களுக்குத் துடக்கு.”

கொன்ஸ்ரன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“சித்திக்குப் பொம்பிளைப் பிள்ளை. இப்பதான் போன் வந்தது. எனக்குத் தங்கச்சி!”

நாகேந்திரம் புறுபுறுத்துக்கொண்டே பொலிஸ் லிஸ்டைக் கதவிலிருந்து கழற்றிப் பன்னிரண்டாம் வரியை எழுதத் தொடங்கினார்.

“பேர் என்ன, பிள்ளை?”

“இன்னும் வைக்கேல்லை,” என்றாள் அருந்ததி.

கொன்ஸ்ரன்ஸின் நகம் என் கையில் இறங்கியது. அவள் படிக்கட்டு வளைவைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அங்கே ஒருவரும் இல்லை. பதின்மூன்று வயதாக, அன்று பிறந்தவளுக்கு இன்னும் நேரம் இருந்தது.

வீடுகளுக்குப் போகாமல், கொட்டாஞ்சேனைத் தேத்தண்ணிக் கடையில் இருந்தபடியே “நேரில் பார்த்தேன்” என்று கையெழுத்து வைத்ததற்காக, அந்த ஆராய்ச்சியிலிருந்து என்னை அவ்வருடம் ஜூன் மாதமே நிறுத்திவிட்டார்கள்.