ஜும்ஆவுக்கு மூடிய இணையக் கடை

1

இந்தக் கதை பிறந்தது நக்கலில். என் மனைவி ஹிமாயா கணினி நிரல் எழுதுகிறவள். நான் கதை எழுதுகிறவன். வீட்டுக்குச் சம்பாதிப்பது யாரென்று கேட்காதீர்கள். "என்ட கொன்டெய்னரப் பத்தி ஒரு கதை எழுதுங்களன் மச்சான், பாப்பம்" என்றாள். ரோசம் வந்துவிட்டது.

தொடக்கம்: கல்முனைக் கடலில் அலைகள் அன்று... [சீ. கடலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?]

2

கல்முனையில் பளீல் ஹாஜியாருக்குப் புடவைக்கடை. அதன் இணையக் கடையைக் கட்டியவள் ஹிமாயா. ஓடர் எடுக்க ஒரு கொன்டெய்னர், காசு வாங்க ஒன்று, செய்தி அனுப்ப ஒன்று. தனித்தனியாக ஓடும் சின்ன நிரல்கள். எல்லாவற்றையும் மேய்க்க ஒரு மேற்பார்வைக்காரன்.* பெருநாள்வரை ஒழுங்காக ஓடினால் வருட ஒப்பந்தம் அவளுக்கு. அவள் பேரில் வரும் முதல் ஒப்பந்தம்.

* இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. அவனும் ஒரு நிரல்தான், தெரிந்தது ஒரே கேள்வி: "உசிரோட இருக்கியா?" சரியான பதில் வராவிட்டால் கொன்றுவிட்டுப் புதுசாக ஒன்றை எழுப்புவான். எங்கள் கட்சிகள் அமைப்பாளரை மாற்றுவதும் இப்படித்தான்.

3

"வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுக நேரம் கடைய மூடுறம்தானே? இதையும் மூடணும்" என்றார் ஹாஜியார். நியாயம்தான். பாங்கு சொன்னதும், யார் கேட்டாலும் "மூடியிருக்கு" என்று ஓடர் கொன்டெய்னர் சொல்லும்படி ஹிமாயா எழுதினாள்.

யார் கேட்டாலும்! பெருநாளுக்கு முந்திய வெள்ளி, மேற்பார்வைக்காரன் வந்து கேட்டான். "மூடியிருக்கு." மௌத்து, செத்துவிட்டது என்று முடிவுகட்டிக் கொன்றான். புதுசு எழும்பியது. "மூடியிருக்கு." அதையும் கொன்றான். குத்பாப் பிரசங்கம் முடியுமுன் எத்தனை ஜனாஸா! எழுப்ப எழுப்பச் சாகிறதே என்று அவனும் அலுத்து, அடுத்ததை எழுப்பத் தாமதித்தான். தொழுகை முடிந்தும் கடை திறக்கவில்லை.

ஹாஜியார் என் போனுக்கு அடித்தார். (அவளுடையதுக்கு அடிக்கமாட்டார். பெண்பிள்ளையோடு கதைக்க வெட்கமாம்.) "தம்பி, பின்நேரம் அசர் தொழுகைக்குள்ள திறக்காட்டி கொழும்புக் கம்பனிக்குக் குடுத்திருவன்."

4

"கெதியாச் செய் புள்ள" என்றேன். என் பங்களிப்பு அவ்வளவுதான்.

"சும்மா இருங்க மச்சான். ரெண்டு கேள்விய ஒண்டாக்கிட்டன்."

உயிரோடு இருக்கிறாயா என்பது ஒரு கேள்வி. ஓடர் எடுக்கத் தயாரா என்பது இன்னொன்று. முதலாவதுக்கு "ஓம்", இரண்டாவதுக்கு "இப்ப இல்ல" என்று சொல்லவைத்தாள். இனி ஜும்ஆ நேரம் மேற்பார்வைக்காரன் ஓடர் அனுப்பமாட்டான், கொல்லவும் மாட்டான். அசர் பாங்குக்கு முன் கடை திறந்தது. அல்ஹம்துலில்லாஹ், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

5

முடிவு அ: ஹாஜியார் அவளைப் பாராட்டுகிறார். [நம்பமாட்டீர்கள்.]

முடிவு ஆ: கொழும்புக்காரர்கள் வந்து... [விடுங்கள்.]

நடந்தது: மறுபடியும் என் போன்தான் அடித்தது. அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"நல்ல வேல செஞ்சிருக்கீங்க தம்பி! ஒப்பந்தத்த உங்கட பேர்லயே எழுதுறன். பொம்புளப் புள்ளைக்கு என்னத்துக்கு இந்தக் கரச்சல்?"

ஹிமாயா என்னைத்தான் பார்க்கிறாள்.

"ஹாஜியார், அது வந்து..."

இந்த வசனத்தை முடிக்க வேண்டியவன் நான். எழுத்தாளன் என்று பேர் வேறு. நீங்களாவது முடித்துத் தாருங்கள், கெதியா. மனுசன் இன்னும் லைனில் இருக்கிறார்.