பாதியில் நின்ற மாத்திரை

சட்டை தைக்கும் ஆலையின் மூன்றாவது வரிசையில், ஏழாவது மெஷின் முன்னால் காலர் கட்டுகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அடுத்த மெஷின்காரி வேலையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாவது மெஷினில் தைக்க வேண்டிய சிட்டு மேஜைமேல் தலை சாய்த்துக் கிடந்தாள்.

அந்த வரிசைக்கு சூப்பர்வைசர் அவளுடைய சொந்த அக்கா. தங்கைக்குச் சலுகை காட்டுகிறாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதென்று, மற்றவர்களை ஒரு வார்த்தை சொன்னால் இவளை ஒன்பது வார்த்தை சொல்வாள்.

"என்னடி, உடம்புல எலும்பே இல்லையா? உன்னால மொத்த லைனும் நிக்குது."

"எழுந்தா தலை சுத்துதுக்கா. ஒரு நிமிஷம்."

"நாள் பூரா உனக்கு அந்த ஒரு நிமிஷம்தான்!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான்கு மாதமாக சிட்டு அவர்களுக்கு வேடிக்கைப் பொருளாகிவிட்டாள். மாநிறமாக இருந்தவள், முகமும் விரல் கணுக்களும் புகை படிந்ததுபோல் கறுத்துப் போனாள். ஈறுகூடக் கறுத்துவிட்டது. உடுப்பு தோளில் தொங்கியது. சாப்பாட்டு நேரத்தில் உப்பை உள்ளங்கையில் கொட்டி நக்குவாள். அதனால் 'உப்புமூட்டை' என்று பெயர் வைத்தார்கள். அக்காவும் ஒருநாள் கோபத்தில் அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுவிட்டாள். சிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

அங்கே யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று அக்காவுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் சிட்டுவுக்கு விடாத இருமல். காசநோய் என்றார்கள், ஆறு மாதம் சாப்பிடச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் இருமல் நின்று, கன்னத்தில் சதை பிடித்தது. அந்தச் சமயத்தில்தான் ஆலையில் ஓர் இடம் காலியானது.

"டிபின்னு தெரிஞ்சா உன்னை வாசல்லயே நிறுத்திடுவாங்க. என் பக்கத்துலயும் ஒருத்தி உக்கார மாட்டா. இருமல்தான் நின்னுடுச்சே, விடு."

"நர்ஸம்மா முழுசா சாப்பிடணும்னாங்களே?"

"நர்ஸம்மாவா உனக்கு வேலை வாங்கித் தரப்போறா?"

மீதி மாத்திரையை அக்காதான் குப்பையில் போட்டாள்.

மேஜைமேல் தலை சாய்த்துக் கிடந்த அந்த வாரமே சிட்டு வாந்தி எடுத்து மெஷினடியில் விழுந்தாள். மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா கேட்டார்: "இதுக்கு முன்னாடி டிபி வந்திருக்கா?"

"இல்ல டாக்டர்." பழக்கதோஷத்தில் அக்காவின் வாயிலிருந்து பொய் வந்து விழுந்தது.

கட்டிலிலிருந்து சிட்டு முனகினாள். "சொல்லுக்கா."

அக்கா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கும்மா. மாத்திரையைப் பாதியில விட்டதால சாகாம தங்கின கிருமி அங்க போய் உக்காந்து ரெண்டையும் அரிச்சிடுச்சு. உடம்பு கறுத்தது, அசதி, உப்புக்கு அலைஞ்சது எல்லாம் அதனாலதான். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா மாத்திரையிலேயே காப்பாத்தியிருக்கலாம். இப்பவும் முயற்சி பண்றோம்."

ஊசிகள் ஏறின. மறுநாள் கண் தெளிந்து சிட்டு பேசினாள்.

"நான் சோம்பேறி இல்லக்கா. உடம்புதான் முடியல. இப்பவாவது நம்புறியா?"

"நம்புறேன்டி கண்ணு. நான்தான் பாவி."

மருத்துவமனைக்கு வந்த மூன்றாம் நாள் மதியம், அக்காவின் மடியில் கை கிடக்க, சிட்டுவின் மூச்சு அடங்கியது.

பத்து நாள் கழித்து அக்கா வேலைக்குப் போனாள். மேனேஜர் தனியே கூப்பிட்டார். "யாராவது கேட்டா மாரடைப்புன்னு சொல்லிடுங்கம்மா. டிபின்னா பாதிப் பேர் ஓடிடுவாங்க."

அக்கா நேராக வந்து மூன்றாவது வரிசையின் சுவிட்சை அணைத்தாள். மெஷின்கள் அடங்கின.

"என் தங்கச்சி டிபி வந்து செத்தா," என்றாள். "அதைக் குணமாக்க மருந்து இருக்கு. அந்த மருந்தைப் பாதியில நிறுத்தினது நான். ஊர் என்ன சொல்லுமோன்னு மறைச்சு மறைச்சு மானத்தைக் காப்பாத்திட்டேன்; அவளைக் காப்பாத்தல. வியாதி வர்றது யார் தப்பும் இல்ல. அதை மறைக்கறதும், மருந்தை நடுவுல விடறதும், முடியாதவளைச் சோம்பேறின்னு சிரிக்கறதும்தான் தப்பு. யாருக்காவது இருமல் இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. யாரும் யாரையும் ஒதுக்க விடமாட்டேன்."

யாரும் நிமிரவில்லை. கடைசி மெஷினில், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் வாயைத் துணியால் பொத்தியபடி எழுந்தாள்.

"எனக்கு... ஒரு மாசமா இருமல் இருக்குக்கா."

அக்கா அவளருகே போய்த் தோளில் கை வைத்தாள்.

"வா, இப்பவே போலாம். கடைசி மாத்திரை முழுங்கற வரைக்கும் நான் விடமாட்டேன்."