கண்டல்காட்டுப் பேரம்

அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த ஈரத்துணியை சுபாஷிணி எடுத்ததும், கட்டிலோரம் வந்து உட்கார்ந்தார் வைப்பின் தீவில் நிலம் வாங்கி விற்கும் யூசுப். தோளில் கிடந்த துண்டை உருவி அவள் அப்பா முப்பிடாதியின் வலக்கை மேல் விரித்து, அதற்குள் தன் கையை விட்டார்.

"பேச்சு நின்னா என்ன அண்ணாச்சி, விரல் இருக்குல்ல?"

மட்டாஞ்சேரிச் சுக்குச் சந்தையில் தரகு பார்த்தே தலை நரைத்தவர் முப்பிடாதி. அந்தச் சந்தையில் வாய் மழையைப் பேசும். விலையைத் துண்டுக்குள் விரல்தான் பேசும். இன்றைய பேரத்தில் வாங்குபவன் ஒருமுறை அழுத்தினால் செண்டு நிலத்துக்கு ஒரு லட்சம். சம்மதமென்றால் விற்பவன் கையைக் குலுக்குவான், இல்லையென்றால் உதறுவான். சும்மா பிடித்துக்கொண்டே இருந்தால் 'இன்னும் ஏறு' என்று பொருள்.

பேரம் வைப்பினில் முப்பிடாதிக்கிருந்த கண்டல்காட்டுக்கு, கடலோரச் சேற்றில் வேர்விட்டு நிற்கும் அலையாத்தி மரங்களுக்கு. அக்கம்பக்கத்தார் முதலில் உப்புநீரில் விளையும் பொக்காளி நெல் போட்டார்கள். நெல் சோறு போடாதபோது இறால் விட்டார்கள். இறால் சீக்கில் செத்ததும் கண்டல் மரங்களை வெட்டி, மண்ணடித்து விற்றார்கள். இப்போது மிச்ச வீடுகளின் அடுப்படிக்குள் கடல் ஓதம் ஏறுகிறது. குறுக்கே நிற்பது முப்பிடாதியின் காடு ஒன்றுதான். அவர் ஒன்றும் தியாகி இல்லை. தரகுக் காசில் உலை கொதித்தது, காடு பிழைத்தது. போன வருஷம் அவர் படுத்தார், உலை அணைந்தது. கொச்சங்காடியின் இந்த வாடகை வீட்டையும் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். செண்டுக்கு ஆறு லட்சம் கிடைத்தால் சொந்தக் கூரை என்று சுபாஷிணி கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

"என்ன சூடு மோளே! மழ வரும் போல." துண்டு மூன்று தரம் மேடிட்டது.

"வரட்டும் இக்கா."

அப்போது ஒரு ஈ அப்பாவின் திறந்த கண்ணில் உட்கார்ந்தது. நடந்தது. கருவிழியைக் கடந்து மறுகரை ஏறியது. இமை அசையவில்லை.

சுபாஷிணி வாயைத் திறந்தாள். துண்டு மறுபடி அசைந்தது. நாலு. வாயை மூடிக்கொண்டு ஈயை மட்டும் விரட்டினாள்.

"கை என்ன இப்படிச் சில்லுன்னு கிடக்கு?"

"மருந்து அப்படி."

"விட மாட்டேங்கறாரே! நல்லா இருந்தப்பகூட இந்தப் பிடி பிடிச்சதில்ல. அண்ணாச்சி, நானும் பொழைக்கணும்லா?"

ஐந்து. யூசுப்பின் நெற்றி வேர்த்தது. அறையின் சுக்கு நெடியை மீறி ஒரு வாடை எழுந்தது. கண்டல் வேரடிச் சேற்றின் வாடை. படுத்த நாளிலிருந்து அப்பா அந்தப் பக்கம் போனதே இல்லை.

ஆறு.

"அப்பாவுக்குத் தெம்பில்ல இக்கா, நான் குலுக்கிவிடறேன்." துண்டுக்குள் கையை நுழைத்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

துண்டு எகிறியது. யூசுப்பின் கை வெளியே வந்து விழுந்தது.

உதறியது எந்தக் கை என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணாச்சிக்கு மனசில்ல." யூசுப் விரல்களை நீவிக்கொண்டே எழுந்தார். "தேறட்டும், பெறகு வரேன். ஆனா மோளே, இப்படி வெல பேசற கச்சவடக்காரன நான் கண்டதே இல்ல."

"பாத்துப் போங்க இக்கா, படி ஆடும்."

மரப்படியில் செருப்பு ஒவ்வொன்றாக இறங்கியது. சுபாஷிணி தலைமாட்டில் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டாள். அழத் தொடங்க, செருப்புச் சத்தம் தெருவில் கலந்து மறையட்டும் என்று காத்திருந்தாள்.