ஆயிரத்து எட்டு முடிச்சு

மழை வந்தால் கலைமணியின் டியூஷன் கலைந்துவிடும். போர்ட்டிகோவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பதினான்கு பிள்ளைகளும் நோட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடுவார்கள். அவர்களுக்குக் கொண்டாட்டம். கலைமணி நனைந்த கரும்பலகையைச் சுவரோடு சாய்த்துவிட்டு, முன்னறையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் நிற்கும் கப்பலைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள்.

ஐந்தடி நீளம், மூன்று பாய்மரம். அறையின் நடுவில் மேசை போட்டு அதன்மேல் நின்றது. சுற்றி நடக்க ஓரடி இடம். கம்பைநல்லூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும்.

கட்டியவன் அவள் கணவன் மாதவராஜ். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அவன் கடலைப் பார்த்தது இரண்டே முறை, இரண்டும் மெரினாவில், கரையில் நின்றபடி. ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் முந்தானையைப் பிடித்திருந்த ஆள். ஊரடங்கு நாட்களில் போனில் எதையோ பார்த்துவிட்டுக் கப்பல் கட்டப் போகிறேன் என்றான். பத்து நாளில் விட்டுவிடுவான் என்றுதான் அவள் நினைத்தாள்.

கடையில் துண்டுகளைப் பெட்டியாக வாங்கி ஒட்டுவது வேறு, இது வேறு என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவான். வரைபடம் மட்டும்தான் வெளியிலிருந்து வரலாம். மற்ற ஒவ்வொரு துண்டையும் கையால் அறுத்து, இழைத்து, நீராவியில் வளைத்துச் செய்ய வேண்டும். இடித்த வீட்டுத் தேக்குக் கதவு ஒன்றைக் கொண்டுவந்து தீக்குச்சி கனத்துக்குக் கீறினான். நன்றாகவே செய்தான், அதைக் கலைமணி மறுக்கமாட்டாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நகம் நுழையாது.

கப்பலோடு நின்றிருந்தால் சகித்திருக்கலாம். பிறகு விளக்குகள் வர ஆரம்பித்தன. உடைத்த கப்பல்களிலிருந்து கழற்றிய பழைய விளக்குகள். குஜராத்தில் யாரோ ஒருவர் அனுப்ப, பார்சலில் தர்மபுரி வரும். அங்கிருந்து பைக் டேங்க்மேல் வைத்து, பச்சைப் பிள்ளையைக் கொண்டுவருவதுபோல ஓட்டிக்கொண்டு வருவான். சிவப்புக் கண்ணாடி போட்டது கப்பலின் இடப்பக்கத்துக்கு, பச்சை வலப்பக்கத்துக்கு, வெள்ளை பாய்மரத்துக்கு. ஒவ்வொன்றும் ஏழு கிலோ, எட்டுக் கிலோ. மொத்தம் பதினொன்று. பித்தளையில் படிந்த களிம்பைத் துடைக்கக் கூடாது, துடைத்தால் பழமை போய்விடும் என்பான். போர்ட்டிகோ ஓரத்தில் அடுக்கியவற்றிலிருந்து அந்தக் களிம்பு பிள்ளைகளின் யூனிஃபார்மில் ஒட்டி, தாய்மார்கள் வந்து முறைத்துவிட்டுப் போனார்கள். இருப்பதிலேயே பெரிய விளக்கை மாட்டுவதற்காக முன்னறை ஃபேனைக் கழற்றிப் பரணில் போட்ட அன்று கலைமணி அவனோடு இரண்டு நாள் பேசவில்லை. அதை அவன் கவனிக்கவில்லை.

எதிர்வீட்டு மாதம்மாள் தினமும் பால் வாங்கப் போகும்போது வாசலில் நின்று, "டீச்சரு, கப்பலு எப்பங்க கெளம்புது?" என்று கேட்பாள். முதல் வருஷம் கலைமணிக்கும் சிரிப்பு வந்தது. இது மூன்றாவது வருஷம்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரு மழை நாளில், பத்தாம் வகுப்புக்குப் போகும் இரண்டு பெண்களின் அப்பா வந்தார். மரியாதையாகத்தான் சொன்னார். ஸ்கூல் திறந்தால் பொதுத்தேர்வு வருஷம், பிள்ளைகளுக்கு நனையாமல் உட்கார இடம் வேண்டும், முடியாவிட்டால் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருக்கும் சென்டரில் சேர்த்துவிடுகிறோம், தப்பாக நினைக்கக் கூடாது. அவர் போன பிறகு கலைமணி வாசலிலேயே நின்றாள். அந்த இரண்டு பெண்கள் போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். பி.எஸ்ஸி. கணிதம் முடித்து, பேசக் கூச்சப்பட்டு இரண்டு இன்டர்வியூவில் வாயே திறக்காமல் திரும்பி வந்தவள் அவள். பிள்ளைகள் முன்னால் மட்டும்தான் குரல் வந்தது. ஒருவராக இருவராகச் சேர்ந்து நான்கு வருஷத்தில் பதினான்கு ஆன வகுப்பு.

கப்பல் போக ஒரு வழி இருந்தது. பெங்களூரில் கப்பல் மாதிரிகள் செய்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தேறிய கப்பலைத் தங்கள் காட்சிக்கூடத்தில் ஒரு வருஷம் கண்ணாடிக்குள் வைப்பார்கள். பழைய விளக்குகளையும் கூடவே வைப்பதாக எழுதியிருந்தார்கள். ஆனால் கப்பல் முடிந்தால்தானே? எட்டு மாதமாக நூலேணியில் நின்றுகொண்டிருந்தது.

மாலுமிகள் பாய்மரத்தில் ஏறுவதற்குப் பக்கவாட்டில் கட்டியிருக்கும் கயிற்று ஏணி அது. ஆறு ஏணி. ஏணிக்கு ஆறு நெடுங்கயிறு, இருபத்தெட்டுப் படி. படி கயிற்றைத் தொடும் இடமெல்லாம் ஒரு முடிச்சு. கலைமணி மனதுக்குள்ளேயே பெருக்கிப் பார்த்தாள். ஆயிரத்து எட்டு. மாதவராஜ் ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நான்கு போட்டான். ஐந்தாவது போடும்போது படி தொங்கியது. நான்கையும் அறுத்துவிட்டு, நூல் சரியில்லை என்றான். அடுத்த மாதம் வெளிச்சம் சரியில்லை என்றான்.

"நீங்க நகருங்க," என்று கலைமணி உட்கார்ந்தது, அந்த அப்பா வந்துபோன மறுநாள்.

அவள் பிறந்த வீட்டில் குண்டுமல்லித் தோட்டம். பூக்கட்ட எப்போது பழகினாள் என்பதே நினைவில்லை. மெழுகு தேய்த்த கறுப்பு நூலைக் கையில் எடுத்ததும் விரல் தானாக ஓடியது. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுப்பு. பூ இருக்க வேண்டிய இடத்தில் கயிறு, அவ்வளவுதான். பன்னிரண்டு மத்தியானத்தில் ஆறு ஏணியும் முடிந்தது. ஆசையால் செய்யவில்லை. அறை காலியாக வேண்டும் என்ற ஆத்திரத்தில் செய்தாள்.

மாதவராஜ் முதல் ஏணியை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பினான். மூன்றாவது ஏணியில், இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம் என்றான். ஆறாவது முடிந்த மறுநாள், வந்த நண்பரிடம் நூலேணிதான் தன் கண்ணைப் பிடுங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தது சமையலறை வரை கேட்டது. விண்ணப்பத்தில் 'முழுவதும் என் கையாலேயே செய்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டான். கலைமணி அதைப் படித்தாள். போகட்டும், கப்பல் போனால் சரி என்று மடித்து உறையில் போட்டு அவளே ஒட்டிக் கொடுத்தாள்.

மே கடைசி ஞாயிறன்று சங்கத்திலிருந்து கப்பலைப் பரிசோதிக்க ஐஸ்வர்யா என்கிற பெண் வந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். சரக்குக் கப்பலில் எட்டு வருஷம் அதிகாரியாக இருந்தவளாம். கழுத்தில் நாடா கட்டிய பூதக்கண்ணாடி தொங்கியது. தேறிவிடும் என்ற நம்பிக்கையில் மாதவராஜ் உள்ளூரில் சரக்கு ஏற்றும் முருகேஷின் குட்டியானை வண்டியை மூன்று மணிக்கே வரச் சொல்லியிருந்தான். அது மெத்தை விரித்துத் தயாராக வாசலில் நின்றது.

முதலில் விளக்குகள். ஒவ்வொன்றின் வரலாற்றையும் மாதவராஜ் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், பதினொன்றில் மூன்று கப்பலைப் பார்த்ததே இல்லை, புதிதாகச் செய்து களிம்பு ஏற்றியவை என்றாள். மாதவராஜுக்கு முகம் செத்துவிட்டது. அடுப்பங்கரையில் நின்ற கலைமணிக்கோ, அடப்பாவி, மூன்று இங்கேயே தங்கிவிடுமே என்றுதான் தோன்றியது.

பிறகு கப்பல். பலகை வேலையைப் பார்த்து, இவ்வளவு சுத்தமாகச் செய்த கையை இந்த வருஷம் பார்க்கவில்லை என்று ஐஸ்வர்யா சொன்னது கேட்டது. கலைமணி டீயை ஆற்றித் தட்டில் எடுத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தபோது, பூதக்கண்ணாடி நூலேணியின் மேல் நின்றிருந்தது.

"இந்த முடிச்சு யார் போட்டதுங்க சார்?"

"நான்தாங்க."

"இது கப்பல்ல போடுற முடிச்சு இல்லையே. ஒண்ணு போட்டுக் காட்டுறீங்களா?"

மாதவராஜ் நூலைத் தேடினான். நூல் எதிரிலேயே இருந்தது. பிறகு கண்ணாடியைத் தேடினான். அது மூக்கின்மேல் இருந்தது. போன வாரம் ஆபீஸில் டிராயரில் விரல் மாட்டிக்கொண்டது, மடக்க முடியவில்லை என்று ஆள்காட்டி விரலை நீட்டினான். கொஞ்ச நேரம் கழித்து அதே கதைக்கு நடுவிரலை நீட்டினான்.

ஐஸ்வர்யா விண்ணப்பம் இருந்த ஃபைலை மெதுவாக மூடினாள். பரவாயில்லை, கை சரியாகட்டும், ஆகஸ்டில் இந்தப் பக்கம் வரும்போது மறுபடி பார்க்கிறேன் என்றாள்.

ஆகஸ்ட். ஜூனில் ஸ்கூல் திறந்து, ஜூலையில் காற்றும் தூறலும் வந்து, ஆகஸ்டில் பிள்ளைகள் எல்லாரும் பஸ் ஸ்டாண்டு சென்டரில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கலைமணி தட்டை மேசையில் வைத்தாள். டீ தட்டில் சிந்தியது.

"அது நான் போட்டதுங்க," என்றாள். நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்தது.

மாதவராஜ் சிரிப்பதுபோல வாயை வைத்துக்கொண்டான். "வூட்ல கொஞ்சம் ஒத்தாசை பண்ணுனாங்க."

"கொஞ்சமில்லைங்க. ஆயிரத்து எட்டும் நான்தான். அவரு நாலு போட்டாரு, அதையும் அறுத்துட்டாரு."

ஐஸ்வர்யா இன்னொரு முறை குனிந்து பார்த்தாள். பூக்கட்டும் முடிச்சா இது என்று கேட்டு, தானே தலையாட்டிக்கொண்டாள். பிறகு விதியைச் சொன்னாள். தனி ஆள் செய்தது என்ற பிரிவில் இதை எடுக்க முடியாது. இரண்டு பேர் பெயரிலும் புது விண்ணப்பம் வேண்டும். முடிச்சும் மாற வேண்டும், எல்லாமே. பார்க்க வருகிறவர்களில் கடலில் இருந்தவர்கள் நிறைய உண்டு.

மாதவராஜ் கலைமணியின் பக்கம் திரும்பினான். "பூக்கட்டற முடிச்சப் போட்டு எம் பேரக் கெடுத்துட்டியே கலை. ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமில்ல?"

அவளுக்கு வந்த பதில்கள் எதையும் விருந்தாளி முன்னால் சொல்ல முடியாது. சரியான முடிச்சு எது, காட்டுங்கள் என்று ஐஸ்வர்யாவிடம் கேட்டாள். ஐஸ்வர்யா பென்சிலை நெடுங்கயிறுபோலப் பிடித்து, நூலை ஒரு வளையம் போட்டு, அதன்மேல் குறுக்கே தாண்டி இன்னொரு வளையம் போட்டு, முனையை அதற்கடியில் நுழைத்து இழுத்தாள். கலைமணி இரண்டு முறை தப்பினாள். மூன்றாம் முறை விரல் பிடித்துக்கொண்டது. பூக்கட்டுவதைவிடச் சுலபம்.

"கப்பலை இன்னைக்கே எடுத்துட்டுப் போயிடறீங்களா?" என்று கேட்டாள். "நான் அங்கயே வந்து கட்டித் தரேன்."

ஐஸ்வர்யா கொஞ்சம் யோசித்தாள். இடம் இருக்கிறது, சனிக்கிழமைகளில் அப்படிச் செய்வதுண்டு என்றாள். ஆனால் வேலை மேசை கூடத்தின் நடுவில். பார்க்க வருகிறவர்கள் சுற்றி நிற்பார்கள், கேள்வி கேட்பார்கள், போனில் படம் எடுப்பார்கள். "உங்களுக்குச் சங்கடமா இருக்காதா?"

கலைமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவள் கல்யாண ஆல்பத்தில் தலை நிமிர்ந்த படம் ஒன்றுகூடக் கிடையாது. முகம் தெரியாத ஊரில், நாற்காலியில், நாலு பேர் குனிந்து தன் விரலைப் பார்த்துக்கொண்டிருக்க. அவள் வெளியே போர்ட்டிகோவைப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி ஓரம் உப்பிய கரும்பலகை சுவரில் சாய்ந்திருந்தது.

"இருக்குங்க," என்றாள். "வரேன்."

புது விண்ணப்பம் மேசைமேல் வந்தது. மாதவராஜ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் பெயர்தானே மேலே வரும் என்று கேட்டான்.

"எங்க வேணா போட்டுக்கங்க. மொதல்ல கையெழுத்தப் போடுங்க."

போட்டான். அவள் பெயருக்கு எதிரே 'கயிறு' என்று எழுதினான். அவள் பேனாவை வாங்கி அதை அடித்துவிட்டு, 'நூலேணி, 1008 முடிச்சு' என்று எழுதிக் கொடுத்தாள். அவன் அதைப் பார்க்காததுபோல ஜன்னலைப் பார்த்தான்.

நான்கு பேர் தூக்கி, கப்பலை மெத்தையில் வைத்தார்கள். தேறிய எட்டு விளக்குகளும் சாக்கு சுற்றி ஏறின. மாதம்மாள் ஓடிவந்து சக்கரத்துக்கடியில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாள். மாதவராஜ் பின்னால் ஏறி, ஆடாமல் பிடித்துக்கொள்வதற்காகக் கப்பலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வண்டி தெருமுனை திரும்பும்வரை ஏதோ சொல்லிக்கொண்டே போனான். பூக்கட்டற முடிச்சு என்பது மட்டும் காதில் விழுந்தது.

கலைமணி அன்று மாலையே அறையை இரண்டு முறை கழுவினாள். ஃபேனைப் பரணிலிருந்து இறக்கினாள்.

திங்கட்கிழமை பிள்ளைகள் வாசலில் வந்து தயங்கி நின்றார்கள். உள்ளே வரலாம் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. வந்தும், கப்பல் இன்னும் அங்கே நிற்பதுபோல நடு அறையை விட்டுவிட்டுச் சுவரோரமாகவே நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெண்கள் இருவரும் வந்திருந்தார்கள். கலைமணி எல்லாரையும் நடுவுக்கு நகர்த்தி உட்கார வைத்துவிட்டு, இனிமேல் சனிக்கிழமை டியூஷன் கிடையாது, ஞாயிறு காலை வர வேண்டும் என்றாள்.

"ஏன் மிஸ்?" என்றாள் அந்தப் பெண்களில் ஒருத்தி.

"கப்பல்ல வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டு, யாரும் சிரிப்பதற்குள் கலைமணி பலகைப் பக்கம் திரும்பி வட்டம் வரைய ஆரம்பித்தாள்.